பூஜ்யத்தில் போய் நின்ற கழித்தல்: ஒரு வீட்டுக்கல்விக் குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் சிறுமிக்கு அப்போது 9 வயது. இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே படித்துவந்தாள். பாடங்களை அம்மா பார்த்துக்கொள்வார். கணக்குக்கு மட்டும் மாலை நேரத்தில் அப்பாவும் உட்காருவார். அவளுக்கு 6 வயதில் ஒரு தம்பி.

பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு ஒன்றில் இந்தக் குடும்பமும் இருந்தது. குழுவுக்குப் பொதுவாக ஒரு ஃபோல்டர் உண்டு. யார் கைக்கு எது கிடைத்தாலும் அதில் போட்டுவைப்பார்கள்: ஒர்க்‌ஷீட், வீடியோ, அச்சிடும் விளையாட்டு, செயலியின் பெயர், வாய்ப்பாட்டுப் பாட்டு. அந்த ஃபோல்டரைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதற்கு முன்பு சில காலம் தொடக்க வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்திருந்தேன் என்பதால் கணக்குச் சந்தேகங்களும் என்னிடம்தான் வரும்.

குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அம்மா முதலில் கொண்டுவந்த குறை, பெண்ணுக்குக் கணக்கு வரவில்லை என்பதல்ல. "எல்லாம் சரியாத்தான் போடறா. ஆனா நோட்டை எடுத்தாலே முகம் வாடிப்போகுது. இன்னும் கொஞ்சம் சுவாரசியமா ஏதாவது இருந்தா அனுப்புங்க" என்றார். ஃபோல்டரில் கணக்குக்கு மட்டும் அப்போதே நூற்றுக்கணக்கான கோப்புகள் இருந்தன. அவற்றில் பாதியை அவர் ஏற்கெனவே அச்செடுத்து வைத்திருந்தார்.

கவனித்தவை

புதிதாக எதையும் அனுப்புவதற்கு முன், இருப்பதை அவள் எப்படிப் போடுகிறாள் என்று பார்க்கலாம் என்றேன். ஒரு வாரம் அம்மா எதையும் திருத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கை எங்கே போகிறது, வாய் என்ன சொல்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டார். சில நாள் நானும் கூட இருந்தேன்.

முதலில் பார்த்தது, விடைக்கேற்ற நிறத்தைத் தீட்டும் வகைத் தாள். ஒரு மயிலின் படம், கட்டத்துக்கு ஒரு கழித்தல் கணக்கு. விடை இன்ன எண் என்றால் நீலம், இன்ன எண் என்றால் பச்சை. அவள் முதல் நான்கைந்து கட்டங்களுக்குக் கணக்குப் போட்டாள். கழுத்து நீலம் என்று தெரிந்ததும் கழுத்து முழுவதையும் நீலமாக்கிவிட்டாள். தோகைக்கும் அப்படியே. தாள் முடிந்தபோது படம் அழகாக இருந்தது, எல்லா நிறமும் சரி. அம்மா வைத்திருந்த பழைய கட்டிலும் இதே வகைத் தாள்கள்தான் அதிகம். "சுவாரசியமான" தாள்கள் என்று குழுவில் எல்லோரும் பாராட்டியவை அவை. ஆனால் அந்தச் சுவாரசியம் முழுக்க மயிலில் இருந்தது. கணக்கு அதற்கு நுழைவுச்சீட்டு. சீட்டில்லாமல் நுழைய வழியிருந்தால் எந்தக் குழந்தையும் நுழையத்தான் செய்யும்.

இரண்டாவது, செயலி. ஒரு கேள்வி, நான்கு விடைகள், ஓடும் கடிகாரம். 37 × 4 என்ற கேள்விக்கு 126, 148, 141, 152 என்று விடைகள் வந்தன. சட்டென்று 148-ஐத் தொட்டாள். எப்படி என்று கேட்டதற்கு, "ஏழுநாலு இருபத்தெட்டு. எட்டுல முடியறது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். அம்மா இதை ஏமாற்று வேலை என்று குறித்திருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் செய்தவற்றில் கணக்கு என்று சொல்லத்தக்கது அதுதான். ஆனால் கழித்தல் கேள்விகளில் வேறொன்று நடந்தது. தான் போட்ட விடை நான்கில் இல்லையென்றால், அதற்குப் பக்கத்தில் இருப்பதைத் தொடுவாள். பல நேரம் அது சரியாகவும் அமைந்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். படமும் விடைகளும் இல்லாமல் வெறும் தாளில் 5002 − 1347 எழுதிக் கொடுத்தோம். 4345 என்று எழுதினாள். வாய்விட்டுச் சொல்லச் சொன்னபோது, "ரெண்டுக்கும் ஏழுக்கும் அஞ்சு வித்தியாசம், பூஜ்யத்துக்கும் நாலுக்கும் நாலு, பூஜ்யத்துக்கும் மூணுக்கும் மூணு, அஞ்சுல ஒண்ணு போனா நாலு" என்றாள். தடுமாற்றமே இல்லை. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் அவளுடைய விதி. கடன் வாங்கிக் கழிப்பது அவள் கையில் இல்லவே இல்லை. இந்த வகைப் பிழை புதிதல்ல. குழந்தைகளின் கழித்தல் பிழைகளைக் கணினி நிரல்களில் வரும் பிழைகளைப் போல வகைப்படுத்தி பிரவுன், பர்ட்டன் என்ற இருவர் 1978-லேயே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன முக்கியமான விஷயம், குழந்தை கவனக்குறைவால் தப்பு செய்வதில்லை, தப்பான விதி ஒன்றை ஒழுங்காகப் பின்பற்றுகிறது என்பது.

வார்த்தைக் கணக்கையும் சோதித்தோம். பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் 1980-ஐ ஒட்டிச் சிறு வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்ட பிரபலமான கேள்வி ஒன்று உண்டு: ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் கேப்டனின் வயது என்ன? அங்கே 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு வயதைச் சொன்னார்கள். நம் சிறுமியும் 36 என்றாள். காரணம் கேட்டோம். "கழிச்சா 16 வருது. 16 வயசுல யாரு கப்பல் ஓட்டுவாங்க? அதனால கூட்டணும்." விடையைச் சரிபார்க்கத் தெரிந்திருக்கிறது. கேள்வியில் விடைக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான் யாரும் அவளைப் பழக்கவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

எல்லா ஒர்க்‌ஷீட்டையும் செயலியையும் நிறுத்திவைப்பது என்று முடிவானது. அம்மாவுக்கு இது எளிதாக இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைவிடப் பின்தங்கிவிடுவாளோ என்ற பயம் வீட்டுக்கல்விக் குடும்பங்களில் எப்போதும் உள்ளூர ஓடிக்கொண்டிருக்கும். முடித்த தாள்களின் அடுக்குதான் அந்தப் பயத்துக்கு மருந்து. அடுக்கை எடுத்துவிட்டால் உறவினர்களிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

இதற்காக அவரிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னேன். ஒன்று, எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் 1973-இல் வெளியிட்ட ஒரு மாணவனின் கதை. 12 வயதுப் பையன், தன் வேகத்தில் தாள் தாளாக முடித்துச் செல்லும் முறையில் படித்தவன், வகுப்பில் நன்றாகப் போடுகிறவன் என்று பெயர் எடுத்தவன். உட்கார வைத்துப் பேசிப் பார்த்தால், பின்னத்தைத் தசமமாக்கத் தொகுதியையும் பகுதியையும் கூட்டிப் புள்ளி வைக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தான். 5/10 அவனுக்கு 1.5. தாள்களில் தேர்ச்சி பெற்றுக்கொண்டே இந்த நம்பிக்கையையும் அவன் வளர்த்துவந்திருக்கிறான்.

இன்னொன்று, அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த பெனெசெட் 1929-இல் தொடங்கிய முயற்சி. சில வகுப்புகளில் முறையான எண்கணிதப் பாடத்தை ஆறாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டு, அதற்குப் பதிலாகப் பேசவும் மதிப்பிடவும் வைத்தார். பிறகு அந்தப் பிள்ளைகள் ஓராண்டுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்தார்கள் என்று எழுதினார். இது அவரே தன் முயற்சியைப் பற்றி எழுதியது; இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். ஆனால் சில வாரங்கள் தாளை மூடிவைத்தால் குடிமுழுகிப் போகாது என்று நம்புவதற்கு அது போதும்.

கடன் வாங்குவதை நேரடியாகச் சொல்லிக்கொடுத்துவிடலாமே என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தன் விதியில் குறை இருப்பதாக அவளுக்கே தெரியாதபோது, இன்னொரு விதியை மேலே வைத்தால் இரண்டும் கலந்துபோகும். அவள் விதி எங்கே உடைகிறது என்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் பெரியவர்கள் "தப்பு" என்று சொல்லாமல், எண்களே சொன்னால் நல்லது.

6174

மகாராஷ்டிரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949-இல் கண்டறிந்த ஒரு வேடிக்கை இதற்குக் கைகொடுத்தது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். வரும் விடையை வைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். எங்கே தொடங்கினாலும் அதிகபட்சம் 7 முறைக்குள் 6174 வந்துவிடும். அதன் பிறகு அதிலேயே நிற்கும். எடுத்துக்காட்டாக 3524: 5432 − 2345 = 3087; 8730 − 0378 = 8352; 8532 − 2358 = 6174.

கழித்தல் பயிற்சி என்று பார்த்தால் ஒரு பக்க ஒர்க்‌ஷீட்டுக்கு ஈடு. ஆனால் அடுத்த கணக்கை முந்தைய விடையே தருகிறது, கடைசியில் என்ன வரும் என்ற ஆவலும் இருக்கிறது. குழு கூடும் நாளில் நான்கு பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தோம். 6174 என்ற எண்ணை முன்கூட்டிச் சொல்லவில்லை.

சிறுமி எடுத்தது 7264. 7642 − 2467-க்கு அவள் விடை 5225. அடுத்தது 5522 − 2255, விடை 3333. அடுத்து 0. மற்றவர்கள் இன்னும் போட்டுக்கொண்டிருந்ததால், தான்தான் முதலில் முடித்ததாகச் சந்தோஷப்பட்டாள். இன்னொரு எண்ணை எடுத்தாள், அதுவும் பூஜ்யம். இதற்குள் பக்கத்தில் இருந்த பையன் 3524-இல் தொடங்கி 6174-க்கு வந்து, "திரும்பத் திரும்ப இதே வருது" என்று கத்தினான். இன்னொரு பெண்ணுக்கும் வேறு எண்ணிலிருந்து 6174. நம் சிறுமி அந்தப் பையனின் 3524-ஐயே வாங்கிப் போட்டாள். 3113, 2222, 0.

"எனக்கு மட்டும் ஏன் பூஜ்யமாவே வருது?"

"நீ தப்பா கழிக்கிற."

"தப்புன்னா தப்புதப்பாதானே வரணும்? மூணு தடவையும் ஒரே மாதிரி எப்படி வரும்?"

அந்தக் கேள்விக்கு அங்கிருந்த பெரியவர்கள் யாரிடமும் உடனடியாகப் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் அப்பாவும் மகளும் அன்றிரவே அதைப் பிடித்துக்கொண்டார்கள். விஷயம் அழகானது. அவள் விதிப்படி கழித்தால் முதல் விடை முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கும்: 5225, 3113 போல. இரண்டு பெரிய இலக்கங்கள், இரண்டு சிறிய இலக்கங்கள். அவற்றை வரிசைப்படுத்திக் கழித்தால் எல்லா இடத்திலும் ஒரே வித்தியாசம்தான் வர முடியும்: 3333 அல்லது 2222. அடுத்தது பூஜ்யம். எந்த எண்ணில் தொடங்கினாலும் மூன்று படிக்கு மேல் தாங்காது. மூன்றாம் நாள் இதை அவளே என்னிடம் விளக்கினாள். இலக்கங்களுக்குப் பதில் "பெருசு, பெருசு, சிறுசு, சிறுசு" என்று எழுதி வைத்திருந்தாள். எழுத்துகளைப் பயன்படுத்தாத இயற்கணிதம் என்று அதைச் சொல்லலாம். தப்பான கழித்தலைப் பற்றி ஒரு சரியான நிரூபணம்.

அதன் பிறகு, "அப்படின்னா சரியான கழித்தல் எப்படி?" என்று அவளாகவே கேட்டாள். அதுவரை நாங்கள் காத்திருந்தது அதற்குத்தான்.

கடன் வாங்குதல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1, 10, 100, 1000 என்று எழுதிய அட்டைத் துண்டுகளை அவளே வெட்டினாள். 5002 என்றால் ஐந்து ஆயிரம், இரண்டு ஒன்று. இதிலிருந்து 1347-ஐ எடு என்றதும், ஏழு ஒன்றுகள் இல்லை என்பது கண்ணெதிரே தெரிந்தது. ஆயிரத்தில் ஒன்றைப் பத்து நூறாக, நூறில் ஒன்றைப் பத்துப் பத்தாக, பத்தில் ஒன்றைப் பத்து ஒன்றாக மாற்றினாள். கையில் 4 ஆயிரம், 9 நூறு, 9 பத்து, 12 ஒன்று. எடுத்தபின் 3655. "கடன்னு ஏன் சொல்றாங்க, திருப்பித் தரவே இல்லையே, சில்லறைதானே மாத்தினோம்?" என்று கேட்டாள். அன்று முதல் அவர்கள் வீட்டில் அது சில்லறை மாற்றுவதுதான்.

அப்பா தன் வழியைக் காட்டினார்: இரண்டு எண்ணிலும் 3-ஐக் குறைத்தால் 4999 − 1344, எந்த இடத்திலும் மாற்றத் தேவையில்லை, 3655. அவளுக்கு அதைவிடப் பிடித்தது ஏறிப்போகும் வழி: 1347-லிருந்து 3 ஏறினால் 1350, 50 ஏறினால் 1400, 600 ஏறினால் 2000, இன்னும் 3002. கூட்டினால் 3655. ஒரே கணக்குக்கு மூன்று வழி. எதையும் கட்டாயப்படுத்தவில்லை.

இதோடு 7264-ஐ மறுபடி எடுத்தாள். 5175, 5994, 5355, 1998, 8082, 8532, 6174. தற்செயலாக அவள் அன்று எடுத்தது ஏழு படியும் ஏற வேண்டிய எண். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

விடை தயாரிப்பவளாக

கடைசி இலக்கத்தைப் பார்த்து விடையைப் பிடிக்கும் அவளுடைய சாமர்த்தியத்தை வீணாக்க வேண்டாம் என்று நினைத்தோம். செயலியில் கேள்விக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக, அவளே கேள்வியும் நான்கு விடைகளும் தயாரிக்க வேண்டும், பிடிபடாத மாதிரி. எதிராளி அப்பா.

முதல் முயற்சியில் 37 × 4-க்கு எல்லா விடையும் 8-இல் முடிந்தன: 128, 138, 148, 158. அப்பா தோராயமாக 40 × 4 என்று பார்த்து 148-ஐயோ 158-ஐயோ ஊகிக்க வேண்டியதாயிற்று. சில நாள் கழித்து அவள் விடைகளின் தரம் மாறியது. 128, 1228 என்று வைத்தாள். ஏன் இந்த இரண்டும் என்றால், "மேல வெச்ச ரெண்டைக் கூட்ட மறந்தா 128. இருபத்தெட்டை அப்படியே எழுதிட்டா 1228. ரெண்டும் நான் செஞ்சிருக்கேன்" என்றாள். தவறுகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்து விடை வைக்கிறாள். எனக்குத் தெரிந்த பல அச்சிட்ட தேர்வுத் தாள்களில் இந்த அக்கறை இல்லை.

வார்த்தைக் கணக்குக்கு நாங்கள் செய்தது குறைவு. எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் படித்து, என்ன நடக்கிறது என்று சொல்லவைத்தோம். சில கணக்குகளில் வேண்டுமென்றே ஒரு விவரத்தை எடுத்துவிட்டோம். "இது பத்தாது" என்று சொல்வதும் ஒரு விடை என்று அவள் ஏற்றுக்கொள்ளவே சில வாரங்கள் ஆயின.

குழுவின் ஃபோல்டர்

இதன் நடுவில், பகிர்தல் பற்றியும் குழுவில் பேச வேண்டியிருந்தது. அந்த நூற்றுக்கணக்கான கோப்புகளில் எதுவும், எந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. போட்டவர்களில் பலர் அதைத் தங்கள் பிள்ளைக்குக் கொடுத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. நல்லெண்ணத்தில் போட்டார்கள், அவ்வளவுதான். வாங்கியவர்களுக்கோ அது ஒரு சுமை. எல்லோரும் செய்வதை நாம் செய்யாமல் இருக்கிறோமோ என்ற உறுத்தல்.

இரண்டு விதிகள் வைத்தோம். முதலாவது உரிமை பற்றியது. விலைக்கு விற்கும் பயிற்சிப் புத்தகங்களை ஸ்கேன் செய்து போட்டிருந்தவற்றை நீக்கினோம். சொந்தமாகத் தயாரித்தவை, கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற திறந்த உரிமத்தில் வந்தவை மட்டும் போதும் என்றோம். அதிலும் ஒரு நுணுக்கம். குழுவில் சிலர் வேற்றுமொழித் தாள்களைத் தமிழாக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாற்றியமைத்துப் பகிர அனுமதிக்காத உரிமம் என்றால் மொழிபெயர்ப்பும் அதில் அடங்கும். வீட்டில் செய்து பார்க்கலாம், பகிர முடியாது. இதைப் பலர் அதுவரை கவனித்திருக்கவில்லை.

இரண்டாவது விதி, எதைப் போட்டாலும் கூடவே ஒரு சிறு குறிப்பு வேண்டும். குழந்தையின் பெயர் வேண்டாம், வயது போதும். அதற்கு முன் என்ன தெரிந்திருந்தது, எங்கே சிக்கிக்கொண்டது, அப்போது என்ன சொன்னது, மறுபடி கேட்டதா. ஐந்தாறு வரி.

எதிர்ப்பும் வந்தது. ஒரு அப்பா, "எழுத எனக்கு எங்கே நேரம்? கிடைச்சதைப் போட்டாலாவது யாருக்காவது உதவும்" என்றார். இரண்டு குடும்பங்கள் போடுவதையே நிறுத்திவிட்டன. ஃபோல்டர் பழையதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. அதில் எனக்கு வருத்தமில்லை; ஆனால் அந்த இரண்டு குடும்பங்களிடம் நல்ல யோசனைகள் இருந்தன, அவை வராமல் போனது நஷ்டம்தான்.

குறிப்பின் பயன் சீக்கிரமே தெரிந்தது. 6174 விளையாட்டோடு, விடை பூஜ்யத்துக்குப் போனால் என்ன அர்த்தம் என்பதையும் எழுதியிருந்தோம். இன்னொரு வீட்டில் 7 வயதுப் பையனுக்கு நான்கு இலக்கம் அதிகம் என்று மூன்று இலக்கத்தில் செய்யவைத்தார் அவன் அம்மா. சரியாகக் கழித்தால் மூன்று இலக்கத்தில் 495-இல் வந்து நிற்கும்: 731 − 137 = 594, 954 − 459 = 495. அவன் 606 என்று எழுதினான். 660 − 066-க்கும் 606. அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தான். பூஜ்யத்துக்குப் போகாவிட்டாலும், குறிப்பைப் படித்திருந்த அம்மாவுக்குக் காரணம் உடனே புரிந்தது. "மூன்று இலக்கத்தில் இந்தப் பிழை பூஜ்யத்துக்குப் போகாது, நடுவில் பூஜ்யம் வைத்த எண்ணில் நின்றுவிடும்" என்று அவரே குறிப்பில் சேர்த்தார். இப்போது ஃபோல்டரில் அந்த விளையாட்டு ஒரு சோதனையாகவும் இருக்கிறது.

விளைவு

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இலக்கங்கள் எத்தனை இருந்தாலும் கழித்தலைச் சரியாகப் போட்டாள். ஆனால் பழைய விதி முழுவதும் போய்விடவில்லை. களைப்பாக இருக்கும்போது, அவசரத்தில், கூட்டலும் கழித்தலும் கலந்து வரும் பக்கத்தில் அது எட்டிப் பார்க்கும். மாற்றம் என்னவென்றால், விடையைக் கழித்த எண்ணோடு கூட்டிச் சரிபார்க்கும் பழக்கம் வந்திருந்தது. 4345-ஐயும் 1347-ஐயும் கூட்டினால் 5692, 5002 அல்ல. தப்பை அவளே பிடித்துவிடுகிறாள்.

கணக்கு பிடிக்கிறதா என்று கேட்டால் இன்றும் "பரவாயில்லை" என்றுதான் சொல்கிறாள். வாய்ப்பாட்டை வேகமாகச் சொல்லச் சொன்னால் முகம் சுருங்குகிறது. ஆனால் ஐந்து இலக்கத்தில் என்ன ஆகும் என்று யாரும் சொல்லாமல் ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். அங்கே எல்லா எண்ணும் போய்ச் சேரும் ஒரே எண் இல்லை. அவளுக்கு 53955, 59994 என்று இரண்டு எண்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. முதலில் தன் கழித்தலையே சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்த்திருக்கிறாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, "இது ரெண்டும் ஊஞ்சலாடுது பாரு" என்று காட்டினாளாம்.

ஒர்க்‌ஷீட்டுகள் திரும்ப வந்தன, வாரத்துக்கு ஒன்றாக. அவற்றை ஒதுக்கியே வைக்க வேண்டும் என்பது என் கருத்தல்ல. குழுவிலேயே இன்னொரு பையன், தாளை வரிசையாக முடிப்பதில் நிம்மதி அடைகிறவன். அவனிடம் விளக்கம் கேட்டால் தெளிவாகச் சொல்கிறான். அவனுக்கு எதையும் மாற்றவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

வாரத்தில் ஒரு கணக்கையாவது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடவைப்பதைத் தொடக்கத்திலேயே பழக்கமாக்க வேண்டும். இந்தச் சிறுமியின் பிழை இரண்டு ஆண்டு மறைந்திருந்ததற்குத் திறமையின்மையோ அலட்சியமோ காரணமல்ல. அவளிடம் கேட்கப்பட்டதெல்லாம் விடை மட்டுமே.

நிறம் தீட்டும் தாள்களை எடுத்துவிடவில்லை. கணக்குப் போடாமல் முடிக்க முடியுமா என்று பெற்றோர் ஒருவர் முதலில் முயன்று பார்த்துவிட்டுத்தான் இனி ஃபோல்டரில் சேர்ப்பது. முடிந்துவிட்டால் அது ஓவியப் பகுதிக்குப் போகும்.

குறிப்பு எழுத நேரமில்லாதவர்கள் குரல் பதிவு அனுப்பலாம் என்று இப்போது தளர்த்தியிருக்கிறோம். விலகியிருந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று அப்படித் திரும்பியது.

அப்பாவின் நேரத்தை இன்னும் முன்னதாகவே திட்டத்தில் சேர்த்திருக்கலாம். அம்மா பாடம் நடத்துபவர் என்பதால் அவருக்குத் தன் தப்பு தெரிந்துவிடுமோ என்ற தயக்கம் மகளுக்கு இருந்தது. அப்பாவோடு அவள் எதிராளியாக உட்கார்ந்தபோது அது இல்லை.

பின்னங்கள் இன்னும் தொடங்கவில்லை. அதற்கான கோப்புகளைத் தேடுவதற்கு முன், குழுவில் உள்ள எல்லாப் பிள்ளைகளிடமும் இரண்டு கேள்விகள் கேட்பதாக ஏற்பாடு: 5/10-ஐத் தசமத்தில் எழுது, எப்படி வந்தது என்று சொல், 1/3 பெரியதா 1/4 பெரியதா, ஏன்? அவர்கள் சொல்வதை அப்படியே, திருத்தாமல் எழுதிக்கொண்டு வர வேண்டும். எந்தக் கோப்பு யாருக்கு என்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.